மூன்று உருளைகளும் ஒரு கெண்டைக்காலும்

என் மனைவி அமீர் நிஷா ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குத் தீ வைத்த கதையை சைகோனில் மிச்சமிருக்கிற நாலு தமிழர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தர் மாடி முழுக்க எரிந்துபோனதாகச் சொன்னார். இன்னொருத்தர் மூன்று தீயணைப்பு வண்டி வந்தது என்று சத்தியம் செய்தார். கூடவே நின்றவன் நான். ஒரு வண்டியும் வரவில்லை. எரிந்தது ஒரு யோகா பாயில் உள்ளங்கை அகலம், அவ்வளவுதான். இவர்கள் வாயில் விழுந்து கதை இன்னும் ஊதிப்போவதற்குள் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது 2018. அமீர் நிஷாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் பிறந்ததே சைகோனில்தான். அவளுடைய வாப்பா காரைக்காலிலிருந்து வந்து பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியதும் தெரிந்தவர் எல்லாம் கிடைத்ததைப் பிடித்து ஊருக்குப் போனார்கள். வியட்நாமிய மனைவியையும் அவள் சொந்தங்களையும் விட்டுப் போக மனசில்லாமல் இவர் மட்டும் தங்கிவிட்டார். எழுபத்தெட்டில் கடையையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு சைக்கிள் கேரியரில் துண்டுத் துணி கட்டி விற்றார். பன்னிரண்டு வயதில் அந்தச் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியவள்தான் இன்று சோலோன் துணிச் சந்தையில் இரண்டு கடைக்குச் சொந்தக்காரி.

நான் அபுல் ஹசன். அவளுக்குத் தூரத்து மச்சான் முறை. தொண்ணூற்று நாலில் காரைக்காலிலிருந்து மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். கடையில் எனக்கு மூன்று வேலை. ஐஸ் போட்ட தேநீர் வாங்கி வருவது, காணாமல் போன கத்தரிக்கோலைத் தேடுவது, அவள் சண்டை போடும்போது பின்னால் நின்று தலையாட்டுவது. மூன்றையும் குறைவில்லாமல் செய்து வருகிறேன்.

கல்யாணமான முதல் வாரத்தில் அவள் கைப்பையில் ஒரு சிகரெட் லைட்டரைப் பார்த்துவிட்டு நான் ஆடிப்போனேன். மூன்று நாள் அவள் பக்கத்தில் போகும்போதெல்லாம் மோப்பம் பிடித்தேன். நாலாம் நாள் ஒரு மொத்த வியாபாரி வந்து, அசல் பட்டு என்று ஒரு துணியை விரித்தான். அவள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள், லைட்டரைப் பற்றவைத்தாள், எரிந்த நூலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவன் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். பருத்தி எரிந்தால் காகித வாசம், பட்டு எரிந்தால் முடி கருகுகிற வாசம், பாலியெஸ்டர் எரியாமல் உருகி உருண்டையாகும். ஜவுளிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். ஆனால் இவள் அதைக் கடைக்கு வெளியேயும் செய்வாள். விருந்துக்குப் போன வீட்டில் திரைச்சீலை நூலை உருவியிருக்கிறாள். துணியைப் பற்றி அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. விலையைப் பற்றிச் சொல்லுவாள். அது வேறு கணக்கு.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. டா காவ். அடியில் ரப்பர் வில்லை வைத்த இறகை, கை படாமல் காலாலேயே உதைத்து வலைக்கு அப்பால் அனுப்புகிற ஆட்டம். விடியற்காலையில் தாவ் டான் பார்க்குக்குப் போனால், முக்காடும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஒரு பெண் ஆகாயத்தில் காலை வீசுவதைப் பார்க்கலாம். முதல் முறை பார்க்கிறவர்கள் நடையை நிறுத்திவிடுவார்கள்.

அவளுக்கு ஜோடி துயெத். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது, எடை நாற்பத்தொரு கிலோ. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சிரிக்காமல் இருக்க முடியாது. பதினோரு வருஷமாக ஒன்றாக ஆடுகிறார்கள். டிசம்பரில் பார்க்கில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரட்டையர் போட்டி நடக்கும். எட்டு முறை இறுதியாட்டத்துக்குப் போனார்கள். எட்டு முறையும் ஃபூ ந்யுவான் பக்கத்திலிருந்து வருகிற அக்கா தங்கை இருவரிடம் தோற்றார்கள். தோற்ற ஒவ்வொரு முறையும் துயெத் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பரவால்ல, அடுத்த வருஷம் இருக்கில்ல."

அந்த வருஷமும் இறுதியாட்டத்துக்குத் தேறிவிட்டார்கள், ஆனால் தோற்றால் அதைச் சொல்ல முடியாது. துயெத்துக்கு மெல்போர்னில் இருக்கிற மகளோடு போய்த் தங்க விசா வந்துவிட்டது. இறுதியாட்டம் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமானம் அதற்கு இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. திரும்பி வருகிற யோசனை எதுவும் பேச்சில் இல்லை.

சேதி கேட்ட அன்று அமீர் நிஷா மூன்று மீட்டர் கேட்டவருக்கு இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தாள். இருபத்து நாலு வருஷத்தில் அவள் கத்தரி தவறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "மச்சான், இந்தத் தடவ ஜெயிச்சுத்தான் சீ துயெத்த அனுப்புவேன். தோத்துட்டு அனுப்புனா அந்தக் கடைசி ஆட்டமேதான் நெஞ்சுல நிக்கும்." சீ என்றால் இங்கே அக்கா. ஊர்க்காரர்கள் தப்பாக நினைக்க வேண்டாம்.

மறுநாளிலிருந்து பயிற்சி இரண்டு மடங்கு. காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஒரே வாரத்தில் அமீர் நிஷாவின் வலது கெண்டைச்சதை இறுகிப்போய், காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றது. இறுதியாட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் தடவிப் பார்த்துவிட்டு, சதை கிழியவில்லை, வேலை கூடிப்போய் இறுகியிருக்கிறது, இரண்டு நாள் ஓய்வு, பிறகு ஃபோம் ரோலர் என்கிற நுரை உருளை வாங்கித் தரையில் வைத்து, அதன்மேல் காலை மெதுவாக உருட்டுங்கள் என்றார். எந்த ஃபோம் ரோலர் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் அதை மட்டும் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அந்த விளையாட்டுச் சாமான் கடை முதல் மாடியில் இருந்தது. உரிமையாளர் வின், முன்னாள் பளு தூக்குபவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சுவர் முழுக்க உருளைகள். முழங்கை நீளத்தில் சில, ஆள் பாதி உயரத்தில் சில. வின் மூன்றை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். வெள்ளை உருளை பாலித்தீன் ஃபோம், மெத்தென்று இருக்கும். புள்ளி போட்ட கருப்பு உருளை ஈ.பி.பி., சின்னச் சின்ன மணிகளை அழுத்திச் செய்தது, கல் மாதிரி. நீலம் ஈ.வி.ஏ., செருப்புக்கு அடியில் போடுகிற ரகம், இரண்டுக்கும் நடுவில்.

அமீர் நிஷா மூன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மடித்துப் பார்க்க முயன்றாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நெசவு தெரிகிறதா என்று பார்த்தாள்.

"இதுல எது நல்லது?" என்று வின்னிடம் வியட்நாமியத்தில் கேட்டாள்.

"எல்லாமே நல்லதுதான் அக்கா."

அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "எல்லாம் நல்லதுன்னு சொல்றவன நம்பக் கூடாது மச்சான். இதுல என்னமோ இக்கிது."

கை பைக்குள் போனது. "வேணாம் புள்ள, இது துணிக்கடை இல்ல," என்றேன். என் பேச்சை அவள் எப்போது கேட்டிருக்கிறாள்? வெள்ளை உருளையின் அடி ஓரத்தில் நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளி, கொண்டை ஊசி முனையில் குத்தி, லைட்டரைப் பற்றவைத்தாள். மெழுகுவத்தி அணைத்த வாசம் வந்தது. கருப்பிலும் ஒரு துணுக்கு. அதுவும் மெழுகு வாசம்தான், ஆனால் இறுகி உருண்டது. நீலத்தைப் பற்றவைத்ததும் புளிப்பாக ஒரு நெடி ஏறியது. "காடி!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வியட்நாமியத்தில் கூவினாள். இறுக்கமான உடற்பயிற்சி உடையில் நின்ற இரண்டு பெண்கள் ஓடிவந்து தாங்களும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா, காடிதான்," என்று ஒத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் காட்டுவதற்காகக் கையை நீட்டினாள் பாருங்கள், அப்போதுதான் எரிந்துகொண்டிருந்த சொட்டு கீழே தொங்கிய யோகா பாயில் விழுந்தது. பாய் கறுத்துச் சுருங்கிப் புகைந்தது. நான் என் கையில் இருந்த ஐஸ் தேநீரை அதன்மேல் கொட்டினேன். தீ அணைந்துவிட்டது. ஆனால் புகை மேலே போய் அலாரத்தை எழுப்பிவிட்டது. அந்த அலாரம் அடித்த அடியில் கடையில் இருந்த அத்தனை பேரும் மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். ஒருத்தர் ஓடும் பயிற்சி இயந்திரத்திலிருந்து குதித்து அதே வேகத்தில் ஓடினார். கெண்டைக்கால் வலி என்று வந்த என் மனைவி எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

தெருவில் நின்று வின் கத்தினார்: "அக்கா! இது துணி இல்ல!"

"துணி இல்லைன்னு தெரியாதா எனக்கு? நீ சொன்னது நெசமான்னு பாத்தேன். நீலம் ஈ.வி.ஏ.ன்னு சொன்ன. காடி வாசம் வருது, பொய் சொல்லல. நல்ல வியாபாரி நீ. உன்ன மெச்சறேன்."

பளு தூக்கிய அந்தப் பெரிய மனிதர் இதைக் கேட்டுக் குழைந்துபோனார். சரக்கு அனுப்புகிறவன் சொன்னதைத்தான் தானும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்ததாகவும், அது மெய்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றும் சொன்னார். ஓட்டை விழுந்த பாயையும் மூன்று உருளைகளையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மோட்டார் சைக்கிளில் நான் நடுவில் ஒன்றும் இரண்டு பக்கம் இரண்டுமாகக் கட்டிக்கொண்டு ஓட்ட, தெருவெல்லாம் வேடிக்கை பார்த்தது.

மூன்றில் எதில் உருட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். கருப்பு கெட்டியாக இருந்தது. துணியில் கெட்டி என்றால் உழைக்கும், மெலிசு என்றால் ஏமாற்று. கருப்பைத் தரையில் வைத்து, கெண்டைக்காலை அதன்மேல் ஏற்றி, பின்னால் கையூன்றி இடுப்பைத் தூக்கினாள்.

அந்த அலறலில் எதிர்வீட்டுக் கரோக்கே நின்றது. எட்டு வருஷமாக நான் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிய கரோக்கே. அந்த உருளையால் எங்கள் சந்துக்கு ஏற்பட்ட முதல் நன்மை அது.

"விட்ரு புள்ள," என்றேன்.

"வலிச்சாத்தான் வேல செய்யிதுன்னு அர்த்தம்," என்றாள். இந்த ஊரில் சளி பிடித்தால் முதுகில் தைலம் தடவி நாணயத்தால் சுரண்டுவார்கள். கோடு கோடாகச் சிவக்கும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு விஷக்காற்று வெளியே போனதாகச் சந்தோஷப்படுவார்கள். அதில் வளர்ந்தவளிடம் வலியைப் பற்றி நான் என்ன பேச முடியும்? மூன்று நாள் உருட்டினாள். கெண்டைக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நொண்டல் கூடியது. ஏழு நாள் மிச்சம்.

பிறகு வெள்ளை. முதல் நாள் பஞ்சு மெத்தையில் கால் நீட்டிய சுகம், பாட்டெல்லாம் பாடினாள். கன்றியதும் தணிந்தது. ஆனால் எழுபத்தெட்டு கிலோவை அந்தப் பாலித்தீன் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டாம் நாள் ஒரு பக்கம் அமுங்கியது, மூன்றாம் நாள் சப்பட்டையாகிவிட்டது. உருட்டினால் தடக் தடக் என்று நின்று நின்று போனது. சதைக்குள் இருந்த இறுக்கத்தை அது தொடவே இல்லை. நாலு நாள் மிச்சம்.

புதன்கிழமை சாயங்காலம் துயெத் வந்தார். அமீர் நிஷா கருப்பு உருளையை ஜன்னல் வழியாக எறியக் கையை ஓங்கி நின்ற நேரம். துயெத் அதைப் பிடுங்கி, "நான் ஒரு தடவை பாக்கறேனே," என்று தரையில் உட்கார்ந்து, குச்சிக் காலை அதன்மேல் வைத்து உருட்டினார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது.

"ஆகா! என்ன சுகம்! இத எறியறதுக்கு உனக்கென்ன பைத்தியமா?"

அமீர் நிஷா குனிந்து துயெத்தின் இரண்டு கைக்கும் அடியில் பிடித்து அப்படியே தரையிலிருந்து தூக்கினாள். துயெத் கால்களை உதறிக்கொண்டு கீச்சென்று கத்தினார். அவள் இறக்கிவிடவில்லை. துணிக்கட்டை எடை பார்ப்பதுபோல் இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டினாள். அப்புறம் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மச்சான், எம்புட்டுப் பெரிய முட்டாளு நானு! துணியப் பாத்தேன், தீயில காட்டிப் பாத்தேன், உடுத்துற ஆளப் பாக்காம விட்டுட்டேனே! கடைக்கு வர்றவஹ தோள்ல போட்டுப் பாக்காம ஒரு முழம் வெட்டுவேனா? இவஹ எடைக்கிக் கருப்பு அளவா அமுக்குது. என் எடைக்கி அது எலும்பத் தேடிக்கிட்டுப் போவுது."

சொல்லிக்கொண்டே நீல உருளையைத் தேடினாள். அதை நான் நாலு நாளாக டிவி பார்க்கத் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கக்கூட இல்லை, உருவிவிட்டாள். என் மண்டை தரையில் மோதியது. வலிக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நீலம் அவள் எடைக்கு இம்மி அமுங்கி, அதே அளவு திருப்பித் தள்ளியது. கன்றிய இடத்தை விட்டுவிட்டு, மேலும் கீழும் ஒரு நிமிஷம் மெதுவாக உருட்டினாள். அலறவில்லை, பாடவும் இல்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டாள். காலையும் மாலையும் அப்படியே. வியாழக்கிழமை நொண்டல் குறைந்தது. வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏறினாள். சனிக்கிழமை சமையலறையில் வெங்காயத் தோலை மேலே எறிந்து காலால் உதைத்து என் தேநீரில் விழவைத்தாள். கருப்பு உருளையை மேலங்கித் துணியில் சுற்றி துயெத்துக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் பிளாஸ்டிக் முக்காலி கிடைக்காமல் ஜனம் சுவரேறி நின்றது. வின்கூட வந்திருந்தார், ஓட்டை இல்லாத புது யோகா பாயை விரித்து உட்கார்ந்தார். முதல் செட் ஃபூ ந்யுவான் சகோதரிகளுக்கு. இரண்டாவது நம்முடையது. மூன்றாவதில் என் சட்டை நனைந்துவிட்டது, ஆடாமலே. அமீர் நிஷாவின் வலது கால் தலைக்கு மேலே போய்த் திரும்பியது. ஒவ்வொரு உதைக்கும் நான் "ஈ.வி.ஏ.!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்களும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள்.

இருபதுக்கு இருபது. அடுத்த புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை.

அமீர் நிஷா பின்னால் திரும்பிக் குதிகாலால் ஒன்று விட்டாள். எதிரே அந்த அக்கா தடுமாறி எப்படியோ காலில் வாங்கினாள். இறகு பலமில்லாமல் உயரே எழும்பி, வலையைத் தாண்டி, நேரே துயெத்துக்கு வந்தது. சின்னப் பிள்ளைகூட உதைத்து முடித்துவிடும். துயெத் மேலே பார்த்தார். பிறகு தன் ஜோடியைப் பார்த்தார். இறகு இறங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ!" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறகு அவர் மடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

ஒன்பதாவது தோல்வி. கூட்டம் மொத்தமும் உச்சுக்கொட்டியது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இத்தனை பாடும் எதற்கு? அமீர் நிஷா ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து துயெத்தின் காலை மடியில் எடுத்து வைத்தாள். கட்டைவிரலை வைத்துச் சதையை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தாள். நானும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். சதை தளதளவென்று லேசாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை, ஓர் இறுக்கம் இல்லை. ஓடியாடிக் கடிதம் பிரித்த காலில் வலி என்று துயெத் சொல்லி நாங்கள் கேட்டதே கிடையாது.

"வலிக்குதா சீ துயெத்?"

"ரொம்ப," என்றார் துயெத். "உனக்கு ஒரு கோப்பை பாக்கி வச்சிட்டேன்."

அமீர் நிஷாவுக்குப் புரிந்துவிட்டது: ஜெயித்துவிட்டால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் கட்டைவிரல் அதே இடத்தில் நின்றது. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கோபப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அவள் தலையை நிமிர்த்தி, பார்க் முழுக்கக் கேட்கிற மாதிரி வியட்நாமியத்தில் சொன்னாள்:

"கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. இது லேசுல போகாது. அந்தக் கருப்பு உருளையில ஒரு வருஷம் உருட்டணும். அடுத்த டிசம்பர்ல வந்து காட்டு. வேற யாரும் பாத்து ஒண்ணும் ஆகாது, நான் தொட்டுப் பாத்தாத்தான் சரியாச்சான்னு தெரியும்."

"வந்துதானே ஆகணும்," என்றார் துயெத். "காலாச்சே."

இரண்டு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடி சிரித்தார்கள். ஃபூ ந்யுவான் சகோதரிகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களையே முறைத்துப் பார்த்தபடி நின்றார்கள்.